இடைவெளி ஒன்று சொல்ல, சோதனை வேறு சொல்கிறதே!

வணக்கம். பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒரு மாமாக் கடையில் (தமிழ் முஸ்லிம் உணவுக்கடை) 16 குவளை தே தாரேக் (நுரை வர ஆற்றிய பால் தேநீர்) அளந்திருக்கிறீர்கள்: சராசரி 245 மில்லிலிட்டர், திட்ட விலக்கம் (அளவுகளின் சிதறல்) 10. கடைக்காரர் சொல்வது 250. 95% நம்பிக்கை இடைவெளி, அதாவது உண்மையான சராசரிக்கு நாம் மதிப்பிடும் எல்லை, 239.7 முதல் 250.3 வரை, 250 உள்ளேதான் இருக்கிறது. ஆனால் சோதனையில் பி மதிப்பு (250 உண்மையானால், இவ்வளவோ இதைவிட அதிகமாகவோ விலகிய சராசரி தற்செயலாக வரும் வாய்ப்பு) 0.032, 0.05-ஐ விடக் குறைவு, அதனால் 5% மட்டத்தில் 250 நிராகரிப்பு. எங்கே தப்பு என்று கேட்டீர்கள்.

கணக்கில் தப்பே இல்லை. சோதனையை 'குறைவா?' என்று மட்டும் கேட்டு ஒருபக்கமாகச் செய்துவிட்டு, இடைவெளியைக் குறைவு, கூடுதல் இரண்டுக்குமாக இருபக்கமாகப் போட்டிருக்கிறீர்கள். இருபக்கச் சோதனையில் பி 0.064 வரும், இரண்டும் ஒத்துப்போகும். ஒருபக்கம்தான் வேண்டுமென்றால் 90% இடைவெளியைப் பாருங்கள், அதில்தான் ஒவ்வொரு பக்கமும் 5% வெளியே நிற்கும்: 240.6 முதல் 249.4. 250 வெளியே போய்விட்டது, சரியா? ஆனால் எந்தப் பக்கம் என்பதை அளப்பதற்கு முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். எண்ணைப் பார்த்துவிட்டு மாற்றினால் அது ஏமாற்று வேலை.

அப்புறம், நுரையோடு அளந்தீர்களா, நுரை அடங்கிய பிறகா?