குடிசைப் பகுதிகளை இடித்துவிட்டு ஊருக்கு வெளியே அடுக்குமாடி கட்டிக் கொடுப்பதுதான் சரியான வழியா?

பெரும்பாலான இடங்களில் இல்லை. வடசென்னையில் அப்படியொரு பகுதியில் வளர்ந்தவன் என்பதால் பார்த்ததைச் சொல்கிறேன்.

1977-இல் உலக வங்கிக் கடனுதவியோடு சென்னையில் ஒரு நகர்ப்புற வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. அதில் எங்கள் பகுதியை இடிக்கவில்லை. இருந்த இடத்திலேயே குழாய், கழிப்பிடம், தெருவிளக்கு, சாக்கடை வந்தன. மனைக்குத் தவணை கட்டி முடித்தால் கிரயப் பத்திரம். வீட்டை அவரவரே கட்டிக்கொள்ள வேண்டும்.

தவணை கட்ட ஆரம்பித்த பிறகுதான் அப்பா ஓலையைப் பிரித்துச் செங்கல் சுவர் வைத்தார். அதற்கு முன்பும் கையில் கொஞ்சம் காசு இருந்திருக்கிறது. நாளைக்கே காலி பண்ணச் சொன்னால் என்ன செய்வது என்ற பயத்தில் தெருவில் யாருமே சுவர் எழுப்பவில்லை. முதலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை, அக்கா கல்யாணத்துக்கு முந்தைய வருடம் தளம், அப்புறம் மாடியில் ஓர் அறை. அந்த அறையின் வாடகையில்தான் நான் படித்தேன். பத்திரம் அம்மாவின் தகரப் பெட்டியில், கல்யாணப் புடவைக்கு அடியில், பிளாஸ்டிக் கவரில் சுற்றி இருக்கும். வீட்டுக்குள் மழைத் தண்ணீர் ஏறினால் முதலில் பரணுக்குப் போவது அந்தப் பெட்டிதான்.

அத்தை அடையாற்றங்கரையில் இருந்தார். ஊருக்கு வெளியே, தெற்கே பெரும்பாக்கத்தில் எட்டடுக்குக் குடியிருப்பில் வீடு கிடைத்தது. உறுதியான சுவர், உள்ளேயே கழிவறை, அதெல்லாம் நல்லதுதான். ஆனால் அவர் வேலை பார்த்த நான்கு வீடுகளும் மந்தைவெளியில். முன்பு நடந்தே போவார். இப்போது விடியுமுன் பஸ் ஏறினாலும் ஆறு மணிக்கு வாசல் தெளிக்க முடியவில்லை. இரண்டு வீடு கைவிட்டுப் போய்விட்டது.

2015 வெள்ளத்துக்குப் பிறகும் ஆற்றங்கரையிலேயே இருக்கட்டும் என்று சொல்ல எனக்கு மனம் வராது. மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், வேலைக்கு நடந்து போகிற தூரத்தில் இடம் தேடுங்கள் என்றுதான் கேட்கிறேன். அதேபோல் ஊருக்கு வெளியே செம்மஞ்சேரிக்கு அனுப்பப்பட்டவர்களின் வீட்டைச் சுற்றி அங்கேயும் வெள்ளம் நிற்கிறதே!

ஒடிசா 2017-இல் நகரக் குடிசைவாசிகளுக்கு நில உரிமை தரச் சட்டம் போட்டது. ட்ரோன் வைத்து அளந்து, மணமானவர்களுக்குக் கணவன் மனைவி இருவர் பெயரிலும் உரிமை கொடுத்தார்கள். இது எனக்கு மிகவும் பிடித்தது. எங்கள் பத்திரத்தில் அப்பா பெயர் மட்டும்தான். அவர் போன பிறகு பெயர் மாற்ற அம்மா இரண்டு வருடம் அலைந்தார்.