ஜெர்மன் வினையின் சொந்த இடம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வேலைக்காக ஜெர்மன் படிக்கிறேன். ஏ2 என்னும் தொடக்க நிலைத் தேர்வு நெருங்குகிறது. தனி வாக்கியத்தில் இரண்டாம் இடத்தில் நிற்கும் வினை, 'டாஸ்' (என்று), 'வைல்' (ஏனெனில்) போன்ற இணைப்புச் சொற்கள் வந்தால் கடைசிக்கு ஓடிவிடுகிறது. ஏன் என்று கேட்டால், 'விதி, மனப்பாடம் செய்யுங்கள்' என்கிறார்கள் வகுப்பில். மொழியியலில் இதற்கு விடை உண்டா?

கே., கோவை

அன்புள்ள கே.,

உண்டு. ஆனால் கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும். கடைசிதான் வினையின் சொந்த இடம். தனி வாக்கியத்தில் அது முன்னால் வருகிறது. மொழியியலாளர்கள் எம்மன் பாக் 1962இலும் மன்ஃப்ரெட் பீர்விஷ் 1963இலும் முன்வைத்த பார்வை இது. எல்லா அறிஞர்களும் ஏற்பதில்லை. எனக்கு இதுவே சரியென்று படுகிறது.

சான்று உங்கள் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. 'ஆன்ரூஃபன்' என்றால் தொலைபேசியில் அழைப்பது. 'இஷ் ரூஃபெ டிஷ் மோர்கன் ஆன்': நாளை உன்னை அழைக்கிறேன். 'ரூஃபெ' முன்னால் வந்துவிட்டது, 'ஆன்' மட்டும் கடைசியில் கிடக்கிறது. 'டாஸ்' சேர்த்துப் பாருங்கள்: 'டாஸ் இஷ் டிஷ் மோர்கன் ஆன்ரூஃபெ'. இரண்டும் கடைசியில் ஒன்றாக இருக்கின்றன. இரண்டாம் இடமே வினைக்குச் சொந்தம் என்றால், அந்த 'ஆன்' அவ்வளவு தூரம் தள்ளிக் கிடப்பானேன்?

சரி, 'டாஸ்' வந்தால் வினை ஏன் நகர்வதில்லை? வினை போய் உட்கார வேண்டிய இருக்கையில் 'டாஸ்' துண்டு போட்டுவிட்டது. டச்சு மொழியியலாளர் ஹான்ஸ் டென் பெஸ்டன் தந்த விளக்கத்தின் சாரம் இதுதான்.

ஆங்கிலம் வழியாகப் படிப்பதால் உங்களுக்கு இது தலைகீழாகத் தெரிகிறது. 'டாஸ் எர் நாஹ் ஹவுஸெ கேயன் வோல்டெ' என்பதில் 'கேயன்' போக, 'வோல்டெ' விரும்பினான். 'அவன் வீட்டுக்குப் போக விரும்பினான்' என்ற நம் வரிசையேதான். அதற்காக இரண்டும் உறவு மொழிகள் என்று யாராவது கிளம்பினால் நம்பாதீர்கள். நாம் 'கு' உருபைப் பின்னால் ஒட்டுகிறோம். அவர்கள் 'நாஹ்' என்பதை முன்னால் வைக்கிறார்கள். 'டாஸ்' செய்யும் வேலையை நம் 'என்று' வாக்கியம் முடிந்த பிறகு செய்கிறது.

இன்னொன்று. பேச்சு வழக்கில் 'வைல்' வந்த பிறகும் வினையை இரண்டாம் இடத்தில் வைக்கும் ஜெர்மானியர்கள் ஏராளம். கேட்டுக் குழம்ப வேண்டாம். தேர்வில் அப்படி எழுதிவிடவும் வேண்டாம்.