நடவு வேலையும் நடைப்பயிற்சியும்

கேள்வி: என் தாயாருக்கு 56 வயது. முப்பது ஆண்டுகளாக நடவுக்கும் களையெடுப்புக்கும் போய் வருகிறார். சென்ற மாதம் சர்க்கரை நோய் இருப்பது தெரிந்தது. மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்து, தினமும் அரை மணி நேரம் நடக்கவும் சொன்னார். நாள் முழுவதும் சேற்றில் குனிந்து வேலை செய்கிறவருக்கு இதற்கு மேல் என்ன உடற்பயிற்சி வேண்டும்? ஏசி அறையில் உட்கார்ந்திருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதை எங்களுக்குச் சொல்வது சரிதானா? ஊரில் கேட்டவர்களெல்லாம் சிரிக்கிறார்கள்.

— ஒரு வாசகர், மன்னார்குடி வட்டம்

பதில்: உங்கள் தாயாரின் உழைப்பு கணக்கில் சேரும். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வேலை, பயணம், வீட்டுப் பணி, விளையாட்டு எதுவானாலும் உடல் இயங்கினால் அது உடலியக்கமே என்று தெளிவாகச் சொல்கிறது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான இயக்கம் வேண்டும் என்பது அதன் அளவு. நிமிடத்தை மட்டும் எண்ணினால், நடவுக் காலத்தில் உங்கள் தாயார் ஒரு வாரத்துக்கானதை ஒரே முற்பகலில் முடித்துவிடுகிறார். ஆனால் அதைக் கொண்டு அவருக்கு வேறெதுவும் தேவையில்லை என்று நீங்கள் முடிவு கட்டியதை என்னால் ஏற்க முடியவில்லை. உழைப்பு கணக்கில் சேரும் என்பது ஒன்று, உழைப்பே போதும் என்பது வேறொன்று.

உங்கள் எண்ணம் ஆதாரமில்லாததும் அல்ல. 1953இல் ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் லண்டன் மாடிப் பேருந்துகளின் ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டு ஓர் ஆய்வை வெளியிட்டார். நாளெல்லாம் உட்கார்ந்தே ஓட்டியவர்களைவிட, ஒரு நாளில் ஐந்நூறு முதல் எழுநூற்றைம்பது படிகள் வரை ஏறி இறங்கிய நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. வேலையில் உடல் அசைவது இதயத்துக்குக் காவல் என்ற கருத்து அங்கிருந்துதான் வேர் பிடித்தது. அவர் அத்துடன் நிற்கவில்லை. 1956இல் அதே தொழிலாளர்களின் சீருடை அளவுகளை எடுத்துப் பார்த்து, ஓட்டுநர்கள் வேலைக்குச் சேரும்போதே இடுப்புப் பெருத்தவர்களாக இருந்தார்கள் என்பதையும் அவரே எழுதினார். அப்படியானால் வேலை மனிதரை மாற்றியதா, மனிதருக்கேற்ற வேலை அமைந்ததா என்ற கேள்வி அன்றே எழுந்துவிட்டது.

அந்தக் கேள்வி இன்றும் தீரவில்லை. டென்மார்க்கின் கோபன்ஹேகனில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைச் சுமார் பத்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2021இல் வெளியான ஆய்வில், ஓய்வு நேரத்தில் உடலை இயக்கியவர்களுக்கு இதய நோய் குறைந்தது. வேலையில் மிகக் கடுமையாக உழைத்தவர்களுக்கோ, உட்கார்ந்து வேலை செய்தவர்களைவிட அது 35 விழுக்காடு கூடுதலாக இருந்தது. அதே ஆண்டு நார்வேயிலிருந்து வந்த இன்னொரு பெரிய ஆய்வு, புகைப்பழக்கம், படிப்பு போன்றவற்றைக் கழித்துப் பார்த்தால் உழைக்கும் ஆண்களின் ஆயுள் குறையவில்லை என்று கண்டது. உழைப்பே ஆளைக் கொல்கிறது என்று இதை வைத்துச் சொல்வது மிகை. டென்மார்க்கிலும் நார்வேயிலும் முளைத்த எண்களை நம் வயலில் அப்படியே பெயர்த்து நடவும் முடியாது. ஆனாலும் வியர்த்த உடம்பெல்லாம் பயிற்சி பெற்ற உடம்பு என்ற நம்பிக்கையை இனி யாரும் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது.

காரணம் விளங்க வேண்டுமானால், நடவு நடக்கும் வயலின் வரப்பில் நின்று பாருங்கள். இடக்கையில் நாற்று முடி இருக்கிறது. வலக்கை விரல்கள் நாலைந்து நாற்றைப் பிரித்து, சேற்றில் ஊன்றி, மறுபடி முடிக்குப் போகின்றன. கால் ஓர் அடி பின்வாங்குகிறது. இடுப்பு மட்டும் மடிந்தது மடிந்தபடியே இருக்கிறது. ஒருவர் நிமிர்ந்து நின்றுவிட்டால் வரிசை குலையும் என்பதால், வலித்தாலும் யாரும் எளிதில் நிமிர்வதில்லை. கெண்டைக்கால் வரை சேறு இழுக்கிறது, முதுகில் வெயில் காய்கிறது. இந்த வேலையில் விரல்களும் முன்னங்கையும்தான் ஓயாமல் இயங்குகின்றன. முதுகுத் தசையும் தொடையின் பின்புறத் தசையும் அசையாமல் மணிக்கணக்கில் இழுபட்டே கிடக்கின்றன. இதயம் வழக்கத்தைவிடச் சற்றே வேகமாக, ஆனால் அதற்கு வலுவூட்டும் அளவுக்கு வேகமெடுக்காமல், காலை முதல் பிற்பகல் வரை ஒரே சீராக அடித்துக்கொண்டிருக்கிறது. பயிற்சி என்பதன் போக்கு வேறு. அதில் துடிப்பு நன்றாக ஏறும், சிறிது நேரத்தில் இறங்கும், பிறகு கிடைக்கும் ஓய்வில் உடல் தன்னைப் பழுதுபார்த்துக்கொண்டு முன்னைவிட வலுவாகும். அந்த ஓய்வு கிடைக்காத உடல் தேய்கிறது. எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்பது செய்கிறவர் கையில் இருக்கிறதா என்பதைத்தான் நான் பெரிய வேறுபாடாகக் கருதுகிறேன்.

நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் சுமை தூக்குகிறவர்களுக்கும் இதே நிலைதான். 40 கிலோ மூட்டையை மூச்சைப் பிடித்துத் தூக்கும் ஒவ்வொரு முறையும் இரத்த அழுத்தம் சட்டென்று ஏறி இறங்குகிறது. மூட்டைக் கணக்கில் கூலி வாங்குகிறவர் உட்கார்ந்தால் வருமானம் நின்றுபோகும்.

உங்கள் தாயாருடைய விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. தசை இயங்கும்போது இரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்துக்கொள்கிறது, இன்சுலினும் அப்போது நன்றாக வேலை செய்கிறது. ஆனால் அந்தப் பயன் ஒன்றிரண்டு நாளுக்கு மேல் தங்குவதில்லை. அதனால்தான் சர்க்கரை நோயாளிகள் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் உடலியக்கம் இல்லாமல் இருக்கக் கூடாது என்கிறார்கள். டெல்டாவில் வயல் வேலை அப்படி ஆண்டு முழுவதும் கிடைக்கிறதா? தை, மாசியில் சம்பா, தாளடி அறுவடை முடிந்த பிறகு, வழக்கப்படி ஜூன் 12இல் மேட்டூர் அணை திறந்து குறுவைக்குத் தண்ணீர் வரும்வரை, போர்செட் இல்லாத ஊர்களில் வயல் பெரும்பாலும் காய்ந்துதான் கிடக்கிறது. நடவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் வந்த பிறகு மீதி நாட்களும் சுருங்கிவிட்டன. மார்கழியில் எடுத்த களை சித்திரையில் சர்க்கரையைக் குறைக்காது.

ஆகவே மருத்துவர் சொன்னது சரிதான். ஆனால் அவர் சொன்ன விதத்தில் ஒரு குறை இருந்திருக்கலாம், அதில் உங்களுக்கும் பங்கு உண்டு. மருத்துவமனையில் என்ன வேலை என்று கேட்டால் நாம் ‘கூலி வேலை’ என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அடுத்த முறை கூடவே போய், எந்த மாதங்களில் என்ன வேலை, எத்தனை மணி நேரம், காலையில் சாப்பிட்டுவிட்டுப் போகிறாரா வெறும் வயிற்றோடு போகிறாரா என்று விவரமாகச் சொல்லுங்கள். சில சர்க்கரை மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் வெயிலில் உழைத்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி, வயலிலேயே மயக்கம் வரும். எந்த மாத்திரைக்கு அந்த ஆபத்து உண்டு என்பதை மருத்துவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நடையை எப்படி அமைப்பது என்றும் கேளுங்கள். நடவு நாளில் களைத்து வந்தவரை ஒரே மூச்சில் அரை மணி நேரம் நடக்கச் சொல்வதை நான் ஆதரிக்க மாட்டேன். அன்று அவருக்கு வேண்டியது, முதுகை நேராக்கிப் படுப்பதும், நின்றபடி மெல்லப் பின்னால் வளைந்து நிமிர்வதும், இரவுச் சோற்றுக்குப் பிறகு தெருவில் பத்து நிமிடம் நிமிர்ந்து நடப்பதும்தான். நியூசிலாந்தில் 41 சர்க்கரை நோயாளிகளிடம் செய்து 2016இல் வெளியான ஆய்வில், ஒரு நாளில் ஏதோ ஒரு நேரத்தில் 30 நிமிடம் நடப்பதைவிட மூன்று வேளை உணவுக்குப் பின்னும் பத்துப் பத்து நிமிடம் நடந்தது உணவுக்குப் பின் ஏறும் சர்க்கரையை நன்றாகக் குறைத்தது. இரவு உணவுக்குப் பின் நடந்ததில் பயன் மிகுதி. இரவிலும் சோறே சாப்பிடும் நம் பக்கத்துக்கு இது மிகவும் பொருந்தும் என்று நினைக்கிறேன். வேலையில்லாத மாதங்களில் மூன்று வேளையும் நடக்கட்டும்.

ஊரார் சிரிப்பதை எழுதியிருக்கிறீர்கள். நடவாள் ஒருத்தி தலையில் கட்டு இல்லாமல், கையில் தூக்குவாளி இல்லாமல், தன் உடம்புக்காக ஆற்றங்கரையில் நடந்தால் ஊருக்குச் சிரிப்பு வருகிறது. அந்தச் சிரிப்புக்கு அஞ்சி நடையை விட்ட பெண்கள் பலரை நான் அறிவேன், அவர்களுக்காக எனக்கு ஆற்றாமை உண்டு. முதல் சில நாள் நீங்கள் கூட நடந்தால் சிரிப்பு தானாக அடங்கும்.

நீங்கள் எழுதாமல் விட்டதையும் கேட்டுவிடுகிறேன். வயலிலிருந்து வந்த பிறகு வீட்டில் உலை வைப்பது யார்? தண்ணீர் பிடிப்பது யார்? அந்த வேலையும் அவர் தலையில்தான் என்றால், அவருக்கு நேரம் இல்லாமல் போனதற்குக் காரணம் மருத்துவர் அல்ல, நீங்கள். சாப்பிட்ட பாத்திரங்களை இன்றிரவு நீங்கள் கழுவினால் அந்தப் பத்து நிமிடம் அவருக்குக் கிடைக்கும். அவர் நடந்து திரும்பியதும் கால்களைக் கழுவித் துடைத்து, விளக்கடியில் வைத்து உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பாருங்கள். சேற்றில் வெறுங்காலோடு நிற்கிற சர்க்கரை நோயாளிக்கு முள் தைத்ததே தெரியாமல் புண் பெரிதாகிவிடும். குனிந்து தன் பாதத்தைத் தானே பார்க்க அவர் இடுப்பு இடம் கொடுக்காமலும் இருக்கலாம்.