காலில் வளையமிட்ட பறவை கிடைத்தால் என்ன செய்வது?

கேள்வி: நோர்வூட் பக்கத் தோட்டமொன்றில் வசிக்கிறேன். காசல்ரீ நீர்த்தேக்கக் கரையில் நீண்ட அலகுடைய சிறிய பறவையொன்று இறந்து கிடந்தது. அதன் காலில் எண் பொறித்த உலோக வளையம் இருந்தது. இதை யாரிடம் கொடுப்பது? வைத்திருந்தால் குற்றமாகுமா?

பதில்: வெறுங்கையால் தொடாதீர்கள். பறவைக் காய்ச்சல் அபாயம் இருப்பதால் கையுறையோ பொலித்தீன் பையோ அணிந்து, வளையத்தைச் சுற்றிலும் பல கோணங்களில் படம் எடுங்கள். எண்ணையும் எழுத்துகளையும் ஒன்றுவிடாமல் எழுதிக்கொள்ளுங்கள். திகதி, இடம், பறவை கிடந்த நிலை ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு உடலை ஆழமாகப் புதைத்துவிடலாம். வன விலங்குகளின் உடலையோ பாகங்களையோ வைத்திருப்பது சட்டச் சிக்கலைத் தரக்கூடும் என்பதால் அதை வீட்டுக்கு எடுத்துச் செல்ல வேண்டாம். எண்ணை அறிவிப்பதற்கு அஞ்ச வேண்டியதில்லை.

முதலில் அது பந்தயப் புறாவின் வளையமா என்று பாருங்கள். புறாக் குஞ்சின் காலில் மாட்டும் வளையத்தில் பொருத்து இருக்காது, பெரும்பாலும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். ஆய்வாளர்கள் இடுவதோ இடுக்கியால் வளைத்து மூடிய, பொருத்துத் தெரியும் வளையம். அதில் எண்ணோடு ஒரு நிலையத்தின் பெயரும் இருக்கும். இந்திய வளையங்கள் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்கு அறிவிக்கச் சொல்கின்றன; ரஷ்ய வளையங்களில் மொஸ்கோவின் பெயர் காணப்படும். அந்த நிலையத்துக்கு நேரடியாக எழுதலாம். அதைவிட எளிது, கொழும்புப் பல்கலைக்கழக விலங்கியல் துறையைச் சார்ந்து இயங்கும் இலங்கைக் களப் பறவையியல் குழுவுக்கோ வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்கோ அறிவிப்பது.

நீங்கள் சொல்லும் அடையாளத்துக்கு அது உள்ளான் இனமாக இருக்கலாம். இத்தகைய பறவைகள் பருவந்தோறும் இடம்பெயரும் மத்திய ஆசிய வலசைப் பாதை ரஷ்யாவின் ஆர்க்டிக் கரையிலிருந்து இந்து சமுத்திரம் வரை 30 நாடுகளைக் கடக்கிறது. அதன் தென்முனைகளில் ஒன்று நமது தீவு. மன்னாரில் செய்மதிக் கருவி பொருத்தப்பட்ட கடற்காகங்கள் அந்த ஆர்க்டிக் கரை வரை சென்றதை ஆய்வாளர்கள் தொடர்ந்து பதிவு செய்திருக்கிறார்கள். இனப்பெருக்கம் செய்யும் நாட்டில் மட்டும் ஒரு பறவையைக் காத்துப் பயனில்லை என்பதாலேயே 1979இல் ஜெர்மனியின் பொன் (Bonn) நகரில் வலசை விலங்குகளுக்கான உடன்படிக்கை உருவானது. இலங்கை 1990இல் அதில் இணைந்தது. 2024 பெப்ரவரியில் சமர்கந்தில் கூடிய அதன் மாநாடு, இப்பாதைக்கெனத் தனி முன்முயற்சியொன்றை ஏற்றது. ஒரு பறவை எங்கிருந்து வந்தது, எங்கே தங்கியது, எங்கே இறந்தது என்பது தெரியாமல் எந்த நாட்டிடம் எதைக் காக்கக் கேட்பது?

உங்கள் பதிவுக்குத் தனி மதிப்பு உண்டு. ஓர் இனத்தொகையின் நூற்றில் ஒரு பங்கு வழக்கமாகத் தங்கும் இடத்தை ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலமாக அறிவிக்கலாம். ஆனால் புந்தல, ஆனவிலுந்தாவ, மாதுகங்கை, வங்காலை, குமண, வில்பத்து என்னும் நமது ஆறு ராம்சார் இடங்களும் தாழ்நிலத்திலேயே உள்ளன. மலையக ஓடைகளிலும் நீர்த்தேக்கக் கரைகளிலும் பறவைகள் ஒன்றிரண்டாகச் சிதறி வாழ்வதால் அந்த அளவுகோலுக்குள் அவை எளிதில் வருவதில்லை. இங்கிருந்து போகும் ஒவ்வொரு எண்ணும் அந்த இடைவெளியைக் கொஞ்சம் நிரப்புகிறது என்றே நான் கருதுகிறேன்.

இனி உயிருள்ள வளையப் பறவை அகப்பட்டால், வளையத்தைக் கழற்றாமல் எண்ணை மட்டும் படித்துவிட்டு உடனே பறக்க விடுங்கள்; காயம்பட்டிருந்தால் திணைக்களத்துக்கு அறிவியுங்கள்.