கட்டைவிரல் மறைத்த நான்கு சொற்கள்

கேள்வி: என் சேமிப்பில் ஐந்தில் ஒரு பங்கு பிட்காயினில் இருக்கிறது. வாங்கி விற்கும் எக்ஸ்சேஞ்சில் விட்டுவைக்கப் பயந்து, நெட்டோடு ஒட்டாமல் அதன் சாவியைக் காக்கும் ஹார்டுவேர் வாலட் என்ற சிறு சாதனத்தை வாங்கினேன். மைத்துனர் பக்கத்தில் உட்கார்ந்து செட் செய்து கொடுத்தார். அதன் திரையில் வந்த 24 சொற்களையும், அதாவது வாலட்டை மீட்டெடுக்கும் சாவியை, தாளில் எழுதிக்கொண்டேன். தாள் தொலைந்தால் என்ன செய்வது என்று போனில் படமும் எடுத்தேன். கடைசி நான்கு சொற்களைக் கட்டைவிரலால் மறைத்துத்தான் எடுத்தேன். அந்தப் படத்தை மைத்துனருக்கும் அனுப்பியிருக்கிறேன். இப்போது அவர், "உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அக்காவுக்கு யார் எடுத்துக் கொடுப்பது? மீதி நான்கையும் சொல்லிவையுங்கள்" என்கிறார். விலை இறங்கியிருக்கும்போது பர்சனல் லோன் போட்டு இன்னும் வாங்கச் சொல்வதும் அவர்தான். நான்கு சொற்களைக் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். அதோடு, அந்த 24 சொற்களையே இனி நம்பவும் வேண்டாம். உங்கள் கடிதத்தில் என்னைப் பதற வைத்தது மைத்துனரின் கேள்வி அல்ல, அந்தக் கட்டைவிரல்தான்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இந்தச் சொற்கள் எல்லாம் 2,048 சொற்கள் கொண்ட ஒரு பொதுப் பட்டியலிலிருந்து வருபவை. நான்கு சொற்கள் தெரியாது என்றால் 2,048-ஐ நான்கு முறை பெருக்க வேண்டும், சுமார் 17.6 லட்சம் கோடி வாய்ப்புகள். கேட்க மலைப்பாகத்தான் இருக்கும். ஆனால் கடைசிச் சொல்லுக்குள் ஒரு சரிபார்ப்பு எண் ஒளிந்திருக்கிறது. 24 சொல் வாலட்டில் 256 வாய்ப்புகளுக்கு ஒன்றுதான் அந்தச் சரிபார்ப்பில் தேறும். ஆக மிஞ்சுவது 7,000 கோடிக்கும் குறைவு. மனிதனுக்கு இது கடல், கணினிக்கு ஒரு பொழுது வேலை.

இதற்குச் சாட்சி இருக்கிறது. 2020-ல் அலிஸ்டேர் மில்ன் என்பவர் ஒரு பிட்காயினைப் பரிசாக வைத்து, 12 சொல் வாலட் ஒன்றின் சொற்களை ஒவ்வொன்றாக வெளியிட்டார். எட்டுச் சொற்கள் வெளியானதுமே ஜான் கான்ட்ரெல் என்ற புரோகிராமர் வாடகைக்குக் கணினிகளை எடுத்து, மீதி நான்கையும் சுமார் 30 மணி நேரத்தில் கண்டுபிடித்துப் பரிசை எடுத்துக்கொண்டார். 12 சொல் வாலட்டில் அந்தச் சரிபார்ப்பு இன்னும் தளர்வானது. அவர் தேட வேண்டியிருந்தது ஒரு லட்சம் கோடிக்கும் மேல். உங்களுடையது அதில் பதினாறில் ஒரு பங்கு. அதே கணினிகளுக்கு இரண்டு மணி நேரம்கூட ஆகாது. இருபது சொற்களைக் காட்டி நான்கை மறைப்பதும், இருபத்துநான்கையும் காட்டுவதும் ஒன்றுதான்.

அந்தப் படம் இப்போது எத்தனை இடத்தில் இருக்கக்கூடும் என்று எண்ணிப் பாருங்கள். உங்கள் கேலரி, உங்கள் கிளவுட் பேக்கப், உங்கள் பக்கத்துச் சாட், மைத்துனர் பக்கத்துச் சாட், அவர் கேலரி, அவர் கிளவுட். ஒரே படம், ஆறு பிரதிகள். அழித்தாலும் குப்பைப் பெட்டியில் சில வாரம் கிடக்கும். 2025 பிப்ரவரியில் காஸ்பர்ஸ்கி என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் ஸ்பார்க்கேட் என்ற தீநிரலைப் பற்றி எச்சரித்தது. போன் கேலரியில் உள்ள படங்களின் எழுத்துகளைப் படித்து, வாலட் சொற்கள் இருக்கும் படங்களை மட்டும் பொறுக்கி அனுப்புவதுதான் அதன் வேலை. கூகுள், ஆப்பிள் இரண்டின் அதிகாரபூர்வ ஸ்டோர்களிலும் இருந்த ஆப்களுக்குள் அது புகுந்திருந்தது.

பில், அடையாள அட்டை, மருந்துச் சீட்டு என்று எதைக் கண்டாலும் போனை நீட்டிப் படம் எடுக்கும் பழக்கம் நம் எல்லோருக்கும் வந்துவிட்டது. மற்றவற்றுக்கு அது உதவும். இந்தத் தாளுக்கு அதுவே ஆபத்து. காசை நெட்டோடு ஒட்டாத சாதனத்துக்கு மாற்றிவிட்டு, அதன் சாவியைத் திரும்ப நெட்டில் ஏற்றியிருக்கிறீர்கள்.

'சாதனத்தின் பின் நம்பரை மாற்றிவிடுகிறேன்' என்று தோன்றும். பயன் இல்லை. பிட்காயின் அந்தச் சாதனத்துக்குள் இல்லை, பிளாக்செயின் என்ற பொதுப் பதிவேட்டில் இருக்கிறது. சாதனம் கையெழுத்துப் போடும் பேனா மாதிரி; சொற்கள்தான் அந்தக் கையெழுத்து. அவை கையில் இருந்தால் வேறொரு சாதனத்தில் ஏற்றி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போகலாம்; உங்கள் பின்னும் வேண்டாம், சாதனமும் வேண்டாம். சாதனத்தை ரீசெட் செய்து அதே சொற்களைத் திரும்பப் போட்டாலும் பூட்டு மாறியதாகாது. சொற்களே புதிதாக வேண்டும்.

இன்றைக்கே செய்யுங்கள். முதலில் எக்ஸ்சேஞ்சில் உங்கள் கணக்கின் டெபாசிட் முகவரிக்கு (பிட்காயின் வந்து சேரும் எண்ணெழுத்து வரிசை) சிறு தொகை ஒன்றை அனுப்பி, போய்ச் சேர்ந்ததைப் பார்த்துவிட்டு மொத்தத்தையும் அனுப்புங்கள். எக்ஸ்சேஞ்சைக் கண்டு நீங்கள் பயப்படுவது புரிகிறது. மவுண்ட் காக்ஸ் 2014-லும் எஃப்டிஎக்ஸ் 2022-லும் என்று பெரிய எக்ஸ்சேஞ்சுகளே விழுந்ததை யாரும் மறக்கவில்லை. ஆனால் ஓரிரு நாள் அங்கே இருப்பதைவிட, படம் பிடிக்கப்பட்ட வாலட்டில் இன்னும் ஓர் இரவு கிடப்பது மோசம். போக ஒரு கட்டணம், வர ஒரு கட்டணம். பிட்காயின் நெட்வொர்க் கட்டணம் அனுப்பும் தொகையைப் பொறுத்தது அல்ல, பரிவர்த்தனைத் தரவின் அளவைப் பொறுத்தது. சேமிப்பில் ஐந்தில் ஒரு பங்கைக் காப்பாற்ற அதைக் கணக்குப் பார்க்காதீர்கள்.

வாலட் காலியானதும் சாதனத்தை முழுவதுமாக அழித்து, 'புதிய வாலட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். இந்த முறை மைத்துனர் வேண்டாம், போன் பக்கத்து அறையில் இருக்கட்டும். சொற்கள் சாதனத்தின் சொந்தத் திரையில்தான் வர வேண்டும். பெட்டியோடு அச்சடித்து வந்த சொற்கள் என்றால் அது மோசடிச் சரக்கு. பேனாவால் இரண்டு தாளில் எழுதி, வரிசை எண்ணையும் போட்டு, இரண்டையும் வெவ்வேறு இடத்தில் வையுங்கள். எக்காரணம் கொண்டும் அவற்றைக் கணினியிலோ ஆப்பிலோ இணையதளத்திலோ தட்டாதீர்கள். 2020-ல் ஹார்டுவேர் வாலட் தயாரிக்கும் லெட்ஜர் நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்கள் கசிந்தபின், நிறுவனமே அனுப்பியது போல் தபாலில் போலிச் சாதனங்கள்கூட வந்தன. எல்லாம் அந்தச் சொற்களைத் தட்ட வைக்கத்தான்.

இனிதான் பலரும் தாண்டிப் போகும் கட்டம். காசைப் போடும் முன் வாலட்டின் பெறும் முகவரி ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு சாதனத்தை மறுபடி அழித்து, தாளைப் பார்த்துச் சாதனத்திலேயே சொற்களை ஏற்றுங்கள். அதே முகவரி வந்தால் நீங்கள் எழுதியது சரி. ஒரு சொல்லைத் தப்பாக எழுதியிருந்தால் அது இப்போதே, வாலட் காலியாக இருக்கும்போதே தெரியும். அதன்பின் சிறு தொகை, பிறகு மீதி. ஒவ்வொரு முறையும் முகவரியைச் சாதனத்தின் திரையில் பாருங்கள். காப்பி செய்த முகவரியைக் கணினியிலேயே மாற்றிவிடும் தீநிரல்கள் உண்டு.

இதைப் படித்த உற்சாகத்தில் 24 சொற்களோடு நீங்களே சேர்த்துக்கொள்ளும் இருபத்தைந்தாவது சொல் என்கிற பாஸ்ஃப்ரேஸ், சொற்களைத் துண்டு துண்டாகப் பிரித்து வைப்பது, மாதக் கட்டணத்தில் காத்துத் தரும் சேவை என்று இறங்கிவிடாதீர்கள். பாஸ்ஃப்ரேஸில் ஓர் எழுத்து மாறினால் 'தவறு' என்று வராது; காலியான வேறொரு வாலட் திறக்கும், நீங்கள் காசு போய்விட்டதென்று அலறுவீர்கள். தாளில் எழுதுவதையே இப்போதுதான் சரியாகச் செய்யப் போகிறோம், அது கைவரட்டும்.

கடன் வேண்டவே வேண்டாம். 2021 நவம்பரில் சுமார் 69,000 டாலருக்கு விற்ற பிட்காயின் 2022 நவம்பரில் 16,000-க்கும் கீழே போனது. உச்சத்தில் கடன் வாங்கிப் போட்ட 100, ஓராண்டில் ஏறக்குறைய 23. தவணை நூறுக்கும் கட்ட வேண்டும், வட்டி தனி. பழைய இடத்துக்கு வரவே விலை நாலு மடங்குக்கும் மேல் ஏற வேண்டும். விலை இறங்கியிருக்கிறது என்பது இனி இறங்காது என்பதற்கு உத்தரவாதம் அல்ல.

மைத்துனரின் கவலையில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதற்கான பதில் அவரிடம் இல்லை, உங்கள் மனைவியிடம் இருக்கிறது. மைத்துனரிடம், "உன்னை நான் சந்தேகப்படவில்லை, உன் போனை நம்ப முடியவில்லை. அக்காவுக்கே எல்லாம் சொல்லிக் கொடுத்துவிட்டேன்" என்று சொல்லுங்கள். சொன்னபடி செய்யவும் செய்யுங்கள். சாதனம் எங்கே, தாள்கள் எங்கே, யார் போன் செய்து கேட்டாலும் சொற்களைச் சொல்லக் கூடாது என்பதை ஒரு பக்கத்தில் எழுதி மனைவியிடம் கொடுங்கள். அந்தப் பக்கத்தில் சொற்கள் இருக்கக் கூடாது. வாலட்டில் முதல் சிறு தொகை மட்டும் இருக்கும்போது, நீங்கள் கைவைக்காமல், அந்தக் குறிப்பையும் சொற்கள் எழுதிய தாளையும் வைத்து மனைவியே ஒருமுறை வாலட்டை மீட்டெடுத்துப் பார்க்கட்டும். எங்கே தடுமாறுகிறாரோ அந்த இடத்தில் குறிப்பைத் திருத்தி எழுதுங்கள். அவர் தனியாகத் திறந்த பிறகு மீதிக் காசை மாற்றுங்கள்.