செவ்வாய் பின்வாங்குவதில்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் மேலாண்மை முதுகலை மாணவி. பூமியே நடுவில், சூரியனும் கோள்களும் அதைச் சுற்றுகின்றன என்ற புவிமையக் கொள்கை பழங்கால வானியலாளர் தாலமி செய்த தவறு, கோப்பர்நிக்கஸ் அதைத் திருத்தினார் என்று பள்ளியில் படித்தேன். இப்போது பன்னாட்டு வணிகப் பாடத்தில், ‘புவிமைய’ நிறுவனம்தான் இருப்பதிலேயே முதிர்ந்தது என்கிறார்கள். ஆங்கிலத்திலும் இரண்டுக்கும் ஜியோசென்ட்ரிக் என்ற ஒரே சொல்தான். வானியலில் கைவிட்டதை வணிகத்தில் எப்படிப் போற்றுகிறோம்? வகுப்பில் கேட்டேன்; “அது வேறு, இது வேறு” என்று முடித்துவிட்டார்கள். தேர்வில் இதைப் பற்றி எழுதலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

“அது வேறு, இது வேறு” என்பது பொய்யில்லை. ஆனால் உங்கள் கேள்விக்கு அது போதாது.

கிரேக்கத்தில் ‘கே’ என்றால் பூமி. வானியலில் அந்தப் பூமி, சூரியனும் பிற கோள்களும் இருக்கும் வரிசையில் ஒன்று. எது நடுவில் என்பதுதான் அங்கே வழக்கு. மேலாண்மை அறிஞர் ஹோவர்ட் பெர்ல்முட்டர் 1969-இல் பன்னாட்டு நிறுவனங்களைப் பற்றி எழுதிய கட்டுரையிலோ, பூமி என்பது நாடுகளெல்லாம் சேர்ந்த முழு உலகம். நிறுவனத் தலைமையின் மனப்போக்கை அவர் மூன்றாகப் பிரித்தார். எங்கள் நாட்டு வழியே சரியான வழி என்பது முதலாவது. அந்தந்த நாட்டை அந்தந்த நாட்டவரிடமே விட்டுவிடுவது இரண்டாவது. ஆளையும் யோசனையையும் எந்த நாட்டிலிருந்தும் எடுத்துக்கொண்டு உலகம் முழுவதற்குமாகச் சிந்திப்பது மூன்றாவது. ஜியோசென்ட்ரிக் என்று அவர் சொன்னது இதைத்தான். வட்டாரத்தை மையமாகக் கொள்ளும் நான்காவது வகை பின்னால் வந்து சேர்ந்தது.

ஆகவே தாலமியின் பூமிக்கு வணிகத்தில் இணை தேடினால், அது பெர்ல்முட்டரின் மூன்றாவது வகை அல்ல, முதல் வகை. நான் நிற்கும் இடமே நடு, மற்றவையெல்லாம் என்னைச் சுற்றுகின்றன என்ற எண்ணம் அது.

இந்த ஒப்பீட்டை இன்னும் கொஞ்சம் தொடர ஆசைப்படுகிறேன். தாலமியைத் ‘தவறு’ என்ற ஒரு சொல்லால் பாடநூல்கள் தள்ளிவிடுவதில் எனக்கு வெகுநாளாக வருத்தம் உண்டு.

செவ்வாயைச் சில மாதங்கள் தொடர்ந்து பார்த்திருக்கிறீர்களா? விண்மீன்களின் ஊடே நாளுக்கு நாள் கிழக்கே நகரும். ஏறத்தாழ 780 நாள்களுக்கு ஒருமுறை அது தயங்கி நிற்கும்; பிறகு இரண்டு மாதம் போல மேற்கே நடக்கும்; மறுபடி நின்று பழைய திசையைப் பிடிக்கும். ஒரு தாளில் சுற்றியுள்ள விண்மீன்களைப் புள்ளிகளாக வைத்துக்கொண்டு, வாரம் இருமுறை செவ்வாய் நின்ற இடத்தை நான் குறித்து வந்திருக்கிறேன். எல்லாக் குறிகளையும் இணைத்தபோது தாளில் ஒரு சுருக்கு விழுந்திருந்தது. பூமி அசையாது என்று நம்புகிறவர் அந்தச் சுருக்கைச் செவ்வாயின் குணம் என்றுதான் கொள்ள முடியும். தாலமியும் அப்படித்தான் கொண்டார். பெரிய வட்டத்தின் மேல் ஒரு சிறு வட்டத்தைச் சுழலவிட்டு, அதன் விளிம்பில் செவ்வாயை ஏற்றினார். பெரிய வட்டத்தின் சரியான நடுவில்கூட அவர் பூமியை வைக்கவில்லை. வானில் கண்டதோடு கணக்குப் பொருந்த வேண்டும் என்பதற்காகச் சற்றுத் தள்ளியே வைத்தார். அத்தனை நேர்மையான உழைப்பு. கோள் எங்கே இருக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல, ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் அந்தக் கணக்கு பயன்பட்டது.

அதற்குள்ளேயே ஒரு தடயமும் கிடந்தது. செவ்வாய், வியாழன், சனி மூன்றுக்கும் தனித்தனிச் சிறு வட்டங்கள். ஆனால் மூன்றிலும் கோளைத் தாங்கும் ஆரம், பூமியிலிருந்து பார்க்கும் சூரியனின் சராசரித் திசைக்கு எப்போதும் இணையாகவே திரும்பும். வேறு வேறு கோள்களுக்குள் ஒரே ஓராண்டுத் தாளம் எப்படி வந்தது? அது கோள்களின் தாளமே அல்ல, நம்முடையது. நம் அசைவை ஒவ்வொரு கோளின் கணக்கிலும் தனித்தனியே பற்று எழுதி வைத்திருந்தோம். 1543-இல் கோப்பர்நிக்கஸ் அதை மொத்தமாகப் பூமியின் கணக்குக்கு மாற்றினார். வேகமாக ஓடும் பூமி செவ்வாயை முந்தும் வாரங்களில் செவ்வாய் பின்வாங்குவதாகத் தெரிகிறது. அது பின்வாங்குவதே இல்லை.

அவருக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, 499-ஐ ஒட்டி, ஆரியபட்டர் இதன் ஒரு பகுதியைப் பிடித்துவிட்டார். முன்னோக்கிப் போகும் படகில் இருப்பவனுக்குக் கரையில் நிற்பவை பின்னோக்கிப் போவதாகத் தெரிவதுபோல, அசையாத விண்மீன்கள் மேற்கே போவதாக நமக்குத் தெரிகின்றன என்றார். கோள்களுக்கு அவரும் பூமியைத்தான் நடுவில் வைத்தார். ஆனால் வானத்தின் அன்றாடச் சுழற்சி பூமியுடையது என்று சொல்லிவிட்டார்.

இனி வணிகத்துக்கு வருகிறேன். பல ஆண்டுகள் ஒரு பன்னாட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தேன். தலைமையகம் வட அரைக்கோளத்தில். விற்பனை அறிக்கைக்கு எல்லாக் கிளைகளுக்கும் ஒரே அட்டவணை. அதில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையான பத்திக்குத் தலைப்பு ‘கோடை’. தென் அரைக்கோளத்தில் இருந்த ஒரு கிளை ஆண்டுதோறும் ‘கோடை’யில் சரியும், ‘குளிர்கால’த்தில் ஏறும். தலைமையகக் குறிப்பில் அந்தக் கிளையின் பெயருக்கு எதிரே ‘நிலையற்றது’ என்று எழுதியிருக்கும். அதன் எண்களைச் சமன்செய்யத் தனியாக ஒரு திருத்தக் காரணியே இருந்தது. தாலமியின் சிறு வட்டம் எனக்கு முழுதாகப் புரிந்தது அந்தக் காரணியைப் பார்த்த அன்றுதான். பூமத்தியரேகைக்குத் தெற்கே ஜூனில் குளிர்காலம் என்பது அங்கே யாருக்கும் தெரியாததல்ல. அட்டவணையை வரைந்தவருக்குத் தன் பருவமே பருவமாக இருந்தது, அவ்வளவுதான். அந்தக் கிளையின் மேலாளர் மூன்று ஆண்டுகள் விளக்கக் கடிதம் எழுதிப் பார்த்துவிட்டு வேலையை விட்டார். என் மனம் இன்றும் ஆறவில்லை.

அதனால் பெர்ல்முட்டரின் வகைகளை வரையறையாக மட்டும் மனப்பாடம் செய்யாதீர்கள். முடிவு எங்கே எடுக்கப்படுகிறது, யாருடைய அளவுகோலால் வேலை மதிப்பிடப்படுகிறது, தகவல் எந்தப் பக்கம் போகிறது, மேல் பதவிக்கு எந்த நாட்டவர் வருகிறார்கள் என்றெல்லாம் அவர் பார்க்கச் சொன்னார். எந்த நிறுவனமும் முழுக்க ஒரே வகையாக இருப்பதில்லை என்பதும் அவர் சொன்னதே. மூன்றாவது வகைக்கு ‘முதிர்ந்தது’ என்று பட்டம் கட்ட நான் அவசரப்பட மாட்டேன். உலகம் முழுவதற்கும் என்று பேசும் நிறுவனத்திலும் அட்டவணையை யாரோ ஒருவர் ஏதோ ஓரிடத்தில் உட்கார்ந்துதான் வரைகிறார்.

வானியலாளர்களும் பூமியை நடுவில் வைப்பதை விட்டுவிடவில்லை. செயற்கைக்கோளின் பாதையைக் கணக்கிடும்போது இன்றும் தொடக்கப்புள்ளி பூமியின் மையம்தான். வசதிக்காக, தெரிந்தே வைக்கும் மையம் அது, வேண்டாதபோது மாற்றிக்கொள்கிறார்கள்.

தமிழில் இரண்டுக்கும் ‘புவிமையம்’ என்றே எழுதுவது குழப்பத்தை வளர்க்கிறது. வானியலுக்கு அது இருக்கட்டும். வணிகத்துக்கு ‘உலக நோக்கு’ என்று எழுதிப் பாருங்கள். பெர்ல்முட்டரும் அதை உலகை நோக்கிய மனப்போக்கு என்றுதான் விளக்கினார். தேர்வில் வரையறையை அவர் பொருளிலேயே எழுதிவிட்டு, சொல் வேறுபாட்டைப் பற்றி ஒரு பத்தி சேருங்கள். முதல் வகைக்கு உதாரணம் கேட்டிருந்தால், அந்தக் ‘கோடை’ அட்டவணையைத் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்