'டக் டக்' என்கிறது ஹார்ட் டிஸ்க்!

கேள்வி: கம்ப்யூட்டரை ஆன் செய்தாலே, டிரைவைச் சரிபார்ப்பதாகச் செய்தி வருகிறது. ஃபைல்கள் திறக்க வெகுநேரமாகிறது. சில சமயம் உள்ளே 'டக் டக்' என்று சத்தம். டிரைவில் உள்ள பிழைகளைத் தேடிச் சரிசெய்யும் விண்டோஸின் செக்டிஸ்க் (chkdsk) ஓட்டினால் சரியாகிவிடுமா?

பதில்: அந்தச் சத்தம்தான் இடிக்கிறது. எதையும் ஓட்டுவதற்கு முன் முக்கியமான ஃபைல்களை வேறு டிரைவுக்கு காப்பி செய்துவிடுங்கள். இதே சத்தத்தைச் சட்டை செய்யாமல், செக்டிஸ்க்கை ஓடவிட்டுத் தூங்கப் போனவன் நான். காலையில் டிரைவையே காணோம். இரண்டு வருடப் போட்டோக்கள் போச்சு. (வீட்டில் இன்னும் சொல்லிக்காட்டுகிறார்கள்.)

காப்பி முடிந்ததா? கட்டளைகளைத் தட்டும் ஜன்னலான கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, செக்டிஸ்க் கட்டளையோடு டிரைவ் எழுத்தையும் '/எஃப்' என்பதையும் ஆங்கிலத்தில் தட்டுங்கள். திடீரென்று கரண்ட் போனதால் ஃபைல் சிஸ்டத்தில் (எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற கணக்கில்) வந்த குளறுபடி என்றால் பெரும்பாலும் இதிலேயே தீர்ந்துவிடும். சி டிரைவ் என்றால், அடுத்த ரீஸ்டார்ட்டில் ஓட்டவா என்று கேட்கும், 'ஒய்' அழுத்துங்கள்.

'/ஆர்' வேறு ரகம். டிரைவை செக்டர் செக்டராக, அதாவது சின்னச் சின்னத் துண்டாகப் படிக்கும். பெரிய டிரைவில் பல மணி நேரம் இழுக்கும். கெட்ட செக்டரை ஒதுக்கி வைக்குமே தவிர, பழுதான பாகத்தைச் சரிசெய்யாது. சாகக்கிடக்கும் டிரைவை இப்படி விரட்டினால் என் கதைதான். உங்கள் டிரைவுக்கு இது வேண்டாம். காப்பி எடுத்த கையோடு புதியது மாற்றிவிடுங்கள்.